ஃபாஸ்ட் என்றால் ஓட்டமா, பிடிமானமா? (கேள்வி பதில்)

'ஃபாஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஆங்கில ஆசிரியை ஒருவர் தரும் பதில்கள்.

காரைக்குடி ஜவுளிக்கடைக்காரர்: ஆச்சி, கண்டாங்கிச் சேலையில 'ஃபாஸ்ட் கலர்'னு சீட்டு ஒட்டி வருது. 'அப்ப சாயம் வேகமாப் போயிருமா'ன்னு வாங்க வர்றவுக கேலி பண்றாக.

கேலி நன்றாகத்தான் இருக்கிறது, அர்த்தம் நேர் எதிர். இந்த ஃபாஸ்ட் நம் ஊரில் சொல்லும் 'கெட்டிச் சாயம்'. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு உறுதியான, அசையாத என்றுதான் பொருள். வேகம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இதன் உறவுச் சொல்லான ஜெர்மன் 'ஃபெஸ்ட்' இன்றும் கெட்டி என்றே நிற்கிறது.

சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, சேலையின் உள்மடிப்பில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். கறுப்பு, அரக்கு, மஞ்சள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். உடல் கெட்டியாக இருந்து கரை மட்டும் சாயம் விடுவது உண்டு. ஆய்வகச் சான்று கேட்டு வாங்கினால் எண்ணைக் கவனித்துப் படியுங்கள். சலவைக்கு 1 முதல் 5 வரை மதிப்பு, வெயிலுக்கு 1 முதல் 8 வரை. சலவையில் 4 என்றால் நல்ல சரக்கு. வெயிலில் 4 என்றால் நடுத்தரம்தான். கடை வாசலில் தொங்கவிட்டால் வெளுக்கும்.

பள்ளத்தூர் வாசகி: உப்புத் தண்ணியில ஊறப்போட்டா சாயம் ஃபாஸ்ட் ஆயிருமா டீச்சர்?

ஆகாது. உப்புக்கு வேலை சாயத் தொட்டியில். தண்ணீருக்குள் பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்து நூலில் சாயத்தை ஏற்றும். ரியாக்டிவ் சாயத்தை, அதாவது நூலோடு வேதிவினை செய்து ஒட்டும் சாயத்தை, நூலோடு பூட்டுவது சலவைச் சோடா. பூட்டாமல் மிஞ்சிய சாயத்தைக் கொதிநீரில் சோப்புப் போட்டு அலசி எடுக்காமல் விட்ட சேலைதான் முதல் சில சலவைகளில் தண்ணீரைக் கலக்கும். அதைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு மடித்து வைக்காமல் உடனே நிழலில் விரித்துவிடுங்கள்.

தேவகோட்டை பிளஸ் டூ மாணவர்: அசையாததுக்கும் ஓடுறதுக்கும் ஒரே சொல்லா? எப்படி டீச்சர்?

மாற்றம் தொடங்கிய இடம் வினையடை, தம்பி. 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்றால் விடாமல் இறுகப் பிடி. அதே சொல் ஓட்டத்தோடு சேர்ந்தபோது, விடாமல், முழுப் பலத்தோடு ஓடு என்றாயிற்று. அப்படி ஓடுகிறவன் விரைவாகத்தானே போவான்? இன்னொரு வழியும் சொல்வார்கள்: 'ஃபாஸ்ட் பை' என்றால் ஒட்டி, பக்கத்தில், ஒருவனை ஒட்டியே துரத்துகிறவனும் விரைந்துதான் வர வேண்டும். 'வேகமான' என்ற பெயரடைப் பொருள் அதற்கும் சில நூற்றாண்டு கழித்தே வருகிறது.

இதில் ஆங்கிலத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. 'கடுமை' என்கிறோம், 'கடுகி வந்தான்' என்றும் சொல்கிறோம். சங்கப் பாட்டில் கடும்பரி என்றால் விரைந்தோடும் குதிரை.

தேர்வுக்கு ஒரு வழி: கூட வரும் வினையைப் பார். பிடித்தல், நிற்றல், ஒட்டுதல், கட்டுதல் வந்தால் உறுதி. நகர்ச்சி வந்தால் வேகம். 'ஃபாஸ்ட் அஸ்லீப்' அயர்ந்த தூக்கம். அங்கே வேகத்துக்கு இடமில்லை. 'ஃபாஸ்ட்லி' என்று எழுதாதே, மதிப்பெண் போகும். பெயரடைக்கும் வினையடைக்கும் 'ஃபாஸ்ட்' ஒன்றே.

கோவிலூர் வாசகர்: விரதத்தையும் ஃபாஸ்டிங்னுதானே சொல்றாக?

அதே வேர்தான். உறுதியாகக் கடைப்பிடித்தல் என்ற பொருளிலிருந்து நோன்பு. அதை முறிப்பது 'பிரேக்ஃபாஸ்ட்'. 'ஃபாசன்' (இறுக்கிப் பூட்டு), 'ஸ்டெட்ஃபாஸ்ட்' (உறுதி மாறாத) இரண்டும் இதே குடும்பம். நாணமுற்ற என்ற பொருளில் 'ஷேம்ஃபேஸ்ட்' என்று இன்று எழுதுவதும் முன்பு 'ஷேம்ஃபாஸ்ட்', அதாவது நாணத்தால் கட்டுண்டவர். ஜனங்கள் அதில் 'ஃபேஸ்' என்ற முகத்தைக் கண்டு மாற்றிவிட்டார்கள்.

கானாடுகாத்தான் வாசகி: அப்பச்சிக்குச் சளிப் பரிசோதனை செஞ்சோம். 'ஆசிட் ஃபாஸ்ட்' நெகட்டிவ்னு வந்திருக்கு. வேகமாப் பரவுற கிருமி இல்லைன்னு எடுத்துக்கிறதா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுவும் கெட்டிச் சாயம்தான். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடேற்றுவார்கள். பிறகு ஆசிட் ஊற்றுவார்கள். காசநோய்க் கிருமியின் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் இருப்பதால் அது சிவப்பை விடாது. மற்றவை வெளுத்து, அடுத்து ஊற்றும் நீலத்தை ஏற்கும். நெகட்டிவ் என்றால் அந்தத் தகட்டில் சிவப்புக் கிருமி கண்ணில் படவில்லை என்று மட்டும் பொருள். ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் தெரியும். இருமல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் மேற்கொண்டு பரிசோதனை கேளுங்கள்.

புதுவயல் வாசகர்: 'ஃபாஸ்ட் அண்ட் லூஸ்'?

பழைய இங்கிலாந்துச் சந்தை ஏமாற்று விளையாட்டு. இடுப்பு வாரை (பெல்ட்டை) மடித்துச் சுருட்டி வைப்பார்கள். மடிப்புக்குள் குச்சியைக் குத்தி வார் மாட்டிக்கொண்டது என்று பந்தயம் கட்டுவான் வந்தவன். விளையாட்டுக்காரன் இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தால் வார் உருவிக்கொண்டு வந்துவிடும். மாட்டிக்கொண்டால் ஃபாஸ்ட், உருவிக்கொண்டால் லூஸ்.