லொகேஷனைக் கொடுக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: போனில் லொகேஷனை ஆஃப் செய்துவிட்டேன். இனி யாருக்கும் தெரியாதுதானே?

ஜிபிஎஸ் நிற்கும், அவ்வளவுதான். ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்புக்குக் கிடைக்கும் எண்) வைத்து உங்கள் ஊரைக் கணிக்கலாம். டவர் வழியாக சிம் நிறுவனத்துக்கும் தெரியும். கூகுள் கணக்கில் 'லொகேஷன் ஹிஸ்டரி'யை (இப்போது பெயர் 'டைம்லைன்') நிறுத்திய பிறகும் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற இன்னொரு அமைப்பு வழியாக இடம் பதிவானதை 2018இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. அந்த விவகாரத்தில் 2022இல் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர கூகுள் ஒப்புக்கொண்டது. இரண்டையும் திறந்து பாருங்கள்.

கேள்வி: வானிலை ஆப் 'எப்போதும் அனுமதி' கேட்கிறது.

கொடுக்காதீர்கள். மழை வருமா என்று சொல்ல உங்கள் தெரு எதற்கு? ஆண்ட்ராய்டு 12 முதல் 'தோராயமான இடம்' மட்டும் கொடுக்கலாம்.

கேள்வி: தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?

ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் ஒருவர் உடற்பயிற்சிக்காக சைக்கிள் ஓட்டினார். ஓட்டிய தூரத்தை ஓர் ஆப்பில் பதிந்தார். திருட்டு நடந்த ஒரு வீட்டை அன்று ஒரு மணி நேரத்தில் மூன்று முறை கடந்திருந்தார். அந்த நேரத்தில் அந்த வட்டாரத்தில் இருந்த போன்களின் விவரத்தைப் போலீஸ் கூகுளிடம் கேட்டது. 2020 ஜனவரியில் போலீஸ் அவருடைய விவரத்தைக் கேட்பதாகக் கூகுளிடமிருந்து அவருக்கு மெயில் வந்தது. வக்கீல் வைத்துத்தான் சந்தேகத்திலிருந்து மீண்டார். அவர் செய்த தப்பு என்ன, சொல்லுங்கள்?

அதே வாசகர்: அது போலீஸ் விஷயம். விளம்பர நிறுவனங்களுக்குப் பெயர் இல்லாமல்தானே தகவல் போகிறது?

பெயர் எதற்கு? இரவு முழுக்க ஓர் இடம், பகலில் ஓர் இடம் என்றால் வீடும் ஆபீசும் தெரிந்துவிட்டது. 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் தடங்களை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. எந்த நேரத்தில் எங்கே என்று நான்கு புள்ளிகள் கிடைத்தாலே 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது. வாரந்தோறும் டயாலிசிஸுக்குப் போகிறவரின் தடம் அவருடைய நோயையும் சொல்லிவிடும். அதைத்தான் விற்கிறார்கள்.

அதே வாசகர்: அப்போ மேப்ஸே வேண்டாமா?

வேண்டும். நானும் வழி பார்க்கிறேன். 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். 'எப்போதும்' வேண்டாம்.

கேள்வி: லொகேஷனை ஆஃப் செய்தால் போதுமா?

மூன்றாவது முறையாக வருகிறது. தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: போன் திருடுபோய்விட்டது, கண்டுபிடித்துத் தர முடியுமா?

என்னால் முடியாது. போலீசில் புகார் கொடுங்கள், அப்புறம் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்குங்கள்.

கேள்வி: கல்லூரி போகும் மகளுக்குத் தெரியாமல் அவள் போனில் டிராக்கிங் ஆப் போடலாமா?

வேண்டாம்மா. அவளிடமே கேளுங்கள். இரவுப் பயணம் என்றால் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். அதிகபட்சம் எட்டு மணி நேரத்தில் தானாக நின்றுவிடும்.