ஒரே பாத்தி பீட்ரூட், இரண்டு அறிக்கை: எந்த நைட்ரேட் அளவு சரி?

கேள்வி: நீலகிரி மலையில் உள்ள கேத்தியில் பீட்ரூட் பயிரிடுகிறோம். ஒரே பாத்தியில் பிடுங்கிய கிழங்குகளைக் கோவையில் இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தோம். ஒன்று கிலோவுக்கு 790 மில்லிகிராம் என்கிறது. மற்றொன்று 3,480 என்பதோடு, நைட்ரைட்டும் இருப்பதாகச் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் அறிக்கையில் ‘நைட்ரேட் நைட்ரஜன்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் தருகின்றன. அதை 4.43ஆல் பெருக்கினால் நைட்ரேட்டின் எடை. 790 ஏறக்குறைய 3,500 ஆகிவிடும். குடிநீருக்கான லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரம்பையும் இப்படித்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது முழு நைட்ரேட்டின் எடைக் கணக்கு, நைட்ரஜன் கணக்கு அல்ல. கூடவே, பச்சை எடையா உலர் எடையா என்றும் கேளுங்கள்.

எனக்குக் கவலை தருவது நைட்ரைட்தான். புதிதாகப் பிடுங்கிய கிழங்கில் அது மிகமிகக் குறைவு. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, பர்லியார் இறங்கி மேட்டுப்பாளையம் வெயிலில் பஸ்ஸில் போனால், பாக்டீரியாக்கள் வழியிலேயே நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கிவிடும். அப்புறம் எவ்வளவு விலையுள்ள கருவியாக இருந்தாலும், அது அளப்பது உங்கள் தோட்டத்தை அல்ல, அந்தப் பயணத்தை.

அடுத்த முறை பத்துப் பன்னிரண்டு கிழங்குகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தலையிலிருந்து வால் வரை நெடுக்காகக் கீறி, ஒரு துண்டு வீதம் சேருங்கள். கிழங்கு முழுவதும் நைட்ரேட் ஒரே சீராக இருக்காது. உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். பிடுங்கிய நாளின் வானிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். நைட்ரேட்டைச் செரிக்கும் நொதிக்கு வெளிச்சம் வேண்டும். மூடுபனி விலகாத வாரத்தில் செடியில் நைட்ரேட் தேங்கும்.

பீட்ரூட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நைட்ரைட்டை அளக்கும் வழக்கமான கிரீஸ் (Griess) முறையில் சல்ஃபனிலமைடும் நாஃப்தைல் எத்திலீன் டைஅமீனும் சேர்ந்து நைட்ரைட்டை இளஞ்சிவப்புச் சாயமாக்கும். அதை 540 நானோமீட்டரில் அளப்பார்கள். பீட்ரூட்டின் சொந்தச் சிவப்பும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் ஒளியை உறிஞ்சுகிறது! சாற்றின் நிறத்தைக் கழிக்காவிட்டால் இல்லாத நைட்ரைட்டும் இருப்பதாகக் காட்டும். டைஅமீனை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாம் சேர்த்த ஒரு குழாயை அளந்து, அந்த அளவைக் கழித்தார்களா என்று கேளுங்கள். கிரீஸ் முறையில் நைட்ரேட் நேரடியாக நிறம் தராது. காட்மியமோ வனேடியம் குளோரைடோ கொண்டு நைட்ரைட்டாக மாற்றி அளந்து, முன்பே இருந்த நைட்ரைட்டைக் கழிக்க வேண்டும். காட்மியம் நச்சு என்பதால் வனேடியமே என் விருப்பம்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: உங்கள் சாற்றிலேயே தெரிந்த அளவு நைட்ரேட்டைக் கலந்து அளந்தபோது எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது? 90க்கும் 110க்கும் இடையில் இருந்தால் அந்த எண்ணை வைத்து உரத்தைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.