அப்பாவுக்கு பார்க்கின்சன், இப்போ மறதியும் சேர்ந்துடுச்சு, என்ன பண்றது? மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 72 வயசு. பார்க்கின்சன் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, நடுக்கம் மாத்திரையில ஓரளவு கட்டுக்குள்ள இருக்கு. ஆனா ஆறு மாசமா பேசிட்டு இருக்கும்போதே பாதில நிக்கிறார், டிவி ரிமோட்ட எடுத்து நம்பர் அமுக்கி எனக்கு போன் பண்ண பாக்கிறார், சாயங்காலம் ஆனா கட்டில் ஓரமா ரெண்டு சின்னப் புள்ளைங்க உக்காந்திருக்குன்னு சொல்றார். மறுநாள் காலைல பாத்தா பேப்பர் படிச்சிட்டு தெளிவா அரசியல் பேசறார். அண்ணன் அவர் நடிக்கிறார்னு சொல்றான். இது டிமென்ஷியாவா? இருமல் மருந்துல இதுக்கு ஆராய்ச்சி நடக்குதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, குடுக்கலாமா? தெருமுனை டீக்கடைக்கு தனியா அனுப்பலாமா? இனிமே அவர் வாழ்க்கை எப்படி இருக்கும்னு நெனச்சா எனக்கு தூக்கமே வரல. (வாசகி, ராஜபாளையம்)

பதில்: மொதல்ல உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்கம்மா, அப்பா நடிக்கல. காலைல தெளிவு, சாயங்காலம் குழப்பம், இன்னைக்கு நல்லா இருக்கார் நாளைக்கு யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி பாக்கிறார், இந்த ஏத்த இறக்கம்தான் பார்க்கின்சனோட வர்ற டிமென்ஷியாவோட முக்கியமான அடையாளமே. அல்சைமர்ல மாதிரி நேத்து நடந்தது சுத்தமா அழிஞ்சு போறது இதுல ஆரம்பத்துல அவ்வளவா இருக்காது, ஒரு சின்ன குறிப்பு குடுத்தா ஞாபகம் வந்துடும், ஆனா கவனம் நிக்காது, ஒரு வேலைய வரிசையா திட்டம் போட்டு செய்ய வராது, கண்ணால பாக்கிற இடத்தையும் பொருளையும் மூளை சரியா கணக்கு போடாது. கிளினிக்ல ஒரு பேப்பர குடுத்து கடிகாரம் வரைங்க, பதினொன்னு பத்து காட்டுங்கன்னு சொல்லுவோம். வட்டத்த நல்லாவே போடுவாங்க, அப்புறம் பன்னெண்டு நம்பரையும் வலது பக்கமே நெருக்கி எழுதிட்டு, முள்ளு எங்க வைக்கணும்னு தெரியாம பேனாவ வச்சிட்டு நம்ம மூஞ்சிய பாப்பாங்க. போன மாசம் வரைக்கும் வீட்டு வரவு செலவு கணக்கு எழுதினவங்களாவும் இருப்பாங்க. ரிமோட்ட வச்சு போன் பண்ண பாக்கிறதும் இந்த வகைதான்.

அப்போ இது டிமென்ஷியாதானான்னு கேட்டா, வாய்ப்பு இருக்கு, ஆனா உங்க கடிதத்த வச்சு மட்டும் நான் முடிவு சொல்ல மாட்டேன், ஏன்னா இதே மாதிரி காட்டக்கூடிய, சரி பண்ணக்கூடிய காரணங்கள் நிறைய இருக்கு, அத பாக்காம டிமென்ஷியான்னு முத்திரை குத்திட்டா அந்த மனுஷனுக்கு பெரிய அநியாயம். யூரின் இன்ஃபெக்‌ஷன், சோடியம் குறையறது, பி12, தைராய்டு, நாலஞ்சு நாள் மலச்சிக்கல், தண்ணி சரியா குடிக்காதது, எதுவா வேணா இருக்கலாம். முக்கியமா ரெண்டு மூணு நாள்ல திடீர்னு குழப்பம் கூடினா அது டிமென்ஷியாவோட வேகம் கிடையாது, உடனே டாக்டர்கிட்ட போகணும். இன்னொன்னு மாத்திரை. நடுக்கத்துக்கு பல வருஷமா பேசிடேன்னு ஒரு மாத்திரை (டிரைஹெக்ஸிஃபெனிடில்) ஓடிட்டே இருக்கும், யாரும் நிறுத்த சொல்லிருக்க மாட்டாங்க. ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் மூளைக்கு தேவைப்படற அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனத்த தடுக்கிற மாத்திரை அது, பார்க்கின்சன்ல அந்த அசிட்டைல்கோலினே ஏற்கனவே குறைஞ்சு போய்தான் இருக்கும். சளிக்கும் அரிப்புக்கும் போடற அவில், தூக்கத்துக்கு குடுக்கற அமிட்ரிப்டிலின், அடிக்கடி யூரின் போறதுக்கு குடுக்கற சில மாத்திரைகள், எல்லாம் இதே வேலைய செய்யும். அதனால அடுத்த தடவை போகும்போது சீட்டு மட்டும் எடுத்துட்டு போகாதீங்க, வீட்ல இருக்கற எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு டாக்டர் மேஜைல கொட்டுங்க. ஆனா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, அதுவும் சின்டோபா மாதிரி லெவோடோபா மாத்திரைய திடீர்னு நிறுத்தினா கடும் ஜுரம், உடம்பு கட்டை மாதிரி இறுகறதுன்னு உயிருக்கே ஆபத்தாகும்.

1817ல லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த வியாதிய மொத மொதல்ல எழுதினப்போ, புலன்களும் புத்தியும் கெடறதில்லைன்னுதான் எழுதினார். அவர் பாத்தது ஆறே பேர், அதுல சிலர தெருவுல வச்சு பாத்தது. அந்த ஒரு வரி ரொம்ப காலம் டாக்டருங்க மனசுல நின்னு போச்சு, கை நடுக்கத்தையும் நடையையும் மட்டும் பாத்துட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம்தான் நோயாளிகள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாக்க ஆரம்பிச்சாங்க. ஆஸ்திரேலியால சிட்னில 1984ல ஆரம்பிச்ச ஆய்வுல 136 பேர தொடர்ந்து பாத்தாங்க, 20 வருஷம் கழிச்சு உயிரோட இருந்து பரிசோதிக்க முடிஞ்சவங்கள்ல 83 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்துச்சு. நெட்ல தேடினா இந்த நம்பர்தான் மொதல்ல வந்து உங்க தூக்கத்த கெடுக்கும், அதனால நானே சொல்லிடறேன். ஆனா அதோட நிறுத்தக்கூடாது. 2024ல அமெரிக்காலேர்ந்து வந்த ஆய்வுல ரெண்டு குழுவ பாத்திருக்காங்க, ஒரு குழுவுல நோய் கண்டுபிடிச்சு 10 வருஷத்துல டிமென்ஷியா வர்ற வாய்ப்பு 10 சதவீதத்துக்கும் கீழ, பென்சில்வேனியா பல்கலைக்கழக நோயாளிகள் குழுவுல 10 வருஷத்துல 27 சதவீதம், 15 வருஷத்துல 50 சதவீதம். யார சேத்து பாக்கறாங்க, எந்த வயசுல நோய் வந்தது, எவ்வளவு படிச்சவங்க, இதையெல்லாம் பொறுத்து நம்பர் இவ்வளவு மாறுது, அதனால உங்க அப்பா தலையெழுத்த எந்த சதவீதமும் சொல்லாது.

இப்போ நீங்க கேட்டதுலயே முக்கியமான கேள்வி, அவர் வாழ்க்கை எப்படி இருக்கும்ங்கறது. இத ஆராய்ச்சி பண்றவங்க உண்மையிலயே அளந்து பாத்திருக்காங்க. ஆக்ஸ்ஃபோர்டுல 1995 வாக்குல 39 கேள்வி உள்ள ஒரு படிவம் உருவாக்கினாங்க, பிடிக்யூ 39னு சொல்லுவோம், போன ஒரு மாசத்துல எப்படி இருந்துச்சுன்னு நோயாளிகிட்டயே கேக்கிற படிவம். நடக்கிறது, சட்டை பட்டன் போடறது மட்டும் இல்லம்மா, வியாதிய மத்தவங்ககிட்ட மறைச்சீங்களா, நாலு பேர் முன்னாடி சாப்பிடறதயும் குடிக்கறதயும் தவிர்த்தீங்களா, வெளில போனா கூச்சமா இருந்துச்சா, இப்படியும் கேக்கும். கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன்னு அப்பா அடம் பிடிக்கிறார்னு நாம நெனப்போம், அங்க அவர் பயப்படறது பந்தில கை நடுங்கி சாம்பார் வேட்டில சிந்திடுமோங்கறதுக்குத்தான். இந்த மாதிரி படிவத்த வச்சு 2000ல லண்டன்ல பண்ண ஆய்வுல வாழ்க்கைத் தரத்த அதிகமா இழுத்துப் போடறது எதுன்னு பாத்தா, மனச்சோர்வு முன்னாடி நிக்குது, அதோட கூட இயலாமை, நடக்கும்போது நிலை தடுமாறறது, அறிவுத்திறன் குறையறது இதெல்லாம். அதுக்கப்புறம் வந்த பல ஆய்வுலயும் மனச்சோர்வு முன்வரிசையிலதான் இருக்கு. நாம எல்லாரும் கண்ண வச்சு பாத்துட்டு இருக்கற நடுக்கம் அந்த அளவுக்கு வரல. எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா மனச்சோர்வுக்கு வைத்தியம் இருக்கு, ஆனா கேக்கறவங்கதான் இல்ல. "வயசானா அப்படித்தான், சும்மா உக்காந்திருக்கார்"னு விட்டுடறோம்.

இன்னொரு விஷயத்தையும் இந்த ஆய்வுகள் திரும்ப திரும்ப காட்டுது, டிமென்ஷியா இருக்கறவங்க தன் வாழ்க்கைக்கு தானே போடற மார்க் பெரும்பாலும் வீட்டுக்காரங்க அவங்களுக்காக போடற மார்க்க விட அதிகமா இருக்கு. பாத்துக்கறவங்க சோர்ந்து போயிருந்தா அவங்க போடற மார்க் இன்னும் குறையுது. நோயாளிக்கு புரியலங்கறதால இப்படி சொல்றாங்கன்னு சிலர் ஒதுக்கிடுவாங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன். ஆரம்ப, நடுத்தர கட்டத்துல இருக்கறவங்க எது பிடிக்குது எது கஷ்டமா இருக்குன்னு தெளிவாவே சொல்லுவாங்க, நாமதான் பதிலுக்கு காத்திருக்க மாட்டோம். ஒரு கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து பதினஞ்சு எண்ணிட்டு இருங்க, பார்க்கின்சன்ல யோசனையே மெதுவா ஆகும், நடுவுல இன்னொரு கேள்விய போட்டா மொத கேள்வியும் போயிடும். அப்பாகிட்ட காலைல மாத்திரை வேலை செய்யற நேரத்துல கேளுங்க, நாள்ல எந்த நேரம் நல்லா இருக்கு, எது ரொம்ப தொந்தரவா இருக்குன்னு. நீங்க மறதின்னு நெனச்சிட்டு இருப்பீங்க, அவர் ராத்திரி படுக்கைல திரும்ப முடியலன்னு சொல்லுவார், அதுக்கு ராத்திரி மாத்திரைய மாத்தினாலே பாதி சரியாகும்.

கட்டில் ஓரம் தெரியற புள்ளைங்கள பத்தி. இதுல மனுஷங்க, குழந்தைங்க, பூனை நாய் தெரியறது ரொம்ப சாதாரணம், பலருக்கு பயமும் இருக்காது. அங்க யாருமே இல்லன்னு சண்டை போடாதீங்க, ஆமா இருக்காங்கன்னு பொய்யும் சொல்ல வேண்டாம், "எனக்கு தெரியலப்பா, உங்களுக்கு பயமா இருக்கா"ன்னு கேளுங்க. இல்லன்னு சொன்னா லைட்ட நல்லா போட்டு, நாற்காலில தொங்கற துணிய எடுத்துட்டு, பேச்ச மாத்திடுங்க. கண்ணுல புரை இருக்கான்னு ஒரு தடவை காட்டிடுங்க. பயமா இருக்கு, அடிக்க வர்றாங்கன்னு சொன்னா டாக்டர் மொதல்ல ஏற்கனவே ஓடற மாத்திரைகள ஒவ்வொன்னா குறைப்பாங்க, அப்புறம்தான் புதுசு, அதுவும் குவெட்டியாபின், குளோசபின் மாதிரி சிலதுதான் இவங்களுக்கு ஆகும், குளோசபின்னா ரத்தத்த விடாம டெஸ்ட் பண்ணிட்டே இருக்கணும். இத ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அப்பா பர்ஸ்லயும் உங்க பர்ஸ்லயும் வைங்க: பார்க்கின்சன் நோயாளி, குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் வேண்டாம், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடும் ஸ்டெமெட்டிலும் வேண்டாம். வேற எதுக்கோ அட்மிட் ஆகி ராத்திரி குழம்பி கத்தும்போது அவசரத்துல போடற ஒரு ஊசி, மறுநாள் கை கால் அசைக்க முடியாம ஆக்கிடும்.

டிமென்ஷியாவுக்கு மருந்துன்னு பாத்தா, நல்ல ஆதாரம் இருக்கறது ரிவாஸ்டிக்மைன். 2004ல 541 பேர வச்சு 24 வாரம் பாத்த ஆய்வு வந்துச்சு. நல்லா தெரியற முன்னேற்றம் மருந்து எடுத்தவங்கள்ல 100க்கு 20 பேருக்கு, ஒப்பிட்டுப் பாக்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவங்கள்ல 100க்கு 14, 15 பேருக்கு. மோசமானவங்க மருந்துல 13, வெறும் மாத்திரைல 23. வித்தியாசம் சின்னதுதான், ஆனா நிஜமான வித்தியாசம், சிலருக்கு அந்தப் புள்ளைங்க தெரியறதும் இதுல குறையும். பத்துல ஒருத்தருக்கு நடுக்கம் கொஞ்சம் கூடுச்சு, வாந்தி குமட்டலும் உண்டு, நாடித்துடிப்பு குறைவா இருந்தா ஆகாது, அதனால ஈசிஜி எடுத்துட்டு சின்ன டோஸ்ல ஆரம்பிக்கணும். வயிறு ஒத்துக்கலன்னா தோல்ல ஒட்டற பேட்ச் இருக்கு, பழசப் பிச்சுட்டுத்தான் புதுசு ஒட்டணும், மறந்து ரெண்டு ஒட்டினா டோஸ் ஏறிடும்.

வாட்ஸ்அப்ல வந்த இருமல் மருந்து விஷயம் முழுப் பொய் இல்ல. அம்ப்ராக்ஸால்தான் அது. கனடால பார்க்கின்சன் டிமென்ஷியா இருக்கற 55 பேருக்கு ஒரு வருஷம் குடுத்து பாத்து 2025ல முடிவு வெளியிட்டாங்க. பாதுகாப்பா இருந்துச்சு, ஆனா ஞாபக சக்தில வெறும் மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியல. வேற சில அறிகுறிகள்ல நம்பிக்கை தர்ற தடயம் இருக்கறதால ஆராய்ச்சி தொடருது, சந்தோஷம்தான். அவங்க குடுத்தது ஒரு நாளைக்கு 1,050 மில்லிகிராம் வரைக்கும், இருமலுக்கு நாம குடிக்கறத விட பல மடங்கு. கடைல வாங்கற சிரப்ல வேற மருந்துகளும் கலந்திருக்கும், அதுல சிலது குழப்பத்த கூட்டும். தயவுசெஞ்சு குடுக்காதீங்க.

டீக்கடைக்கு அனுப்புங்க, ஆனா காலைல, மாத்திரை வேலை செய்யற நேரத்துல. பாக்கெட்ல உங்க போன் நம்பர் சீட்டு, டீக்கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை, ரோட்ட தாண்டணும்னா யாராவது கூட. விழுந்துட்டே இருக்கார், இல்ல ஒரு தடவையாவது வழி தவறிட்டார்னா அப்போ கூட ஒருத்தர் போங்க, போறதயே நிறுத்தாதீங்க. நடை, பேச்சு, நாலு பேர் முகம் இதெல்லாம் அவருக்கு அங்கதான் கிடைக்குது. லெவோடோபா மாத்திரைய இட்லிக்கு அரை மணி நேரம் முன்னாடி வெறும் தண்ணில குடுங்க, பால், பருப்பு, முட்டைல இருக்கற புரதம் லெவோடோபா உடம்புல சேர்றத தடுக்கும்.

உங்களுக்கு தூக்கம் வரலன்னு கடைசில ஒரு வரியா எழுதிருக்கீங்க, நான் அத அப்படி கடந்து போக மாட்டேன். பாத்துக்கறவங்க உடைஞ்சு போனா நோயாளியும் சீக்கிரம் ஆஸ்பத்திரி, ஹோம்னு போக வேண்டி வருது, இது பல ஆய்வுகள்ல வந்த முடிவு. அண்ணன் வாரத்துல ரெண்டு ராத்திரி அப்பா ரூம்ல படுக்கட்டும், அந்த ரெண்டு நாள் பாத்தாலே நடிப்பா இல்லையான்னு அவருக்கும் தெரியும். மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416 டெலி மானஸ் நம்பர், இலவசம், தமிழ்லயே பேசலாம், வெக்கப்பட வேண்டியதில்ல.

பார்க்கின்சன் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல வருது, அதனால யூடிஐடி கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பிங்க. இன்னொன்னு, இந்த வியாதில கையெழுத்து சின்னதாகிட்டே போகும், பேங்க்ல கையெழுத்து ஒத்துப் போகலன்னு திருப்பி அனுப்புவாங்க, அதனால கணக்க ஜாயிண்ட் அக்கவுண்ட்டா மாத்தறது, நாமினி, சொத்து பத்தி அவர் என்ன நெனைக்கிறார், பின்னாடி ரொம்ப முடியாம போனா ஐசியூ வரைக்கும் போகணுமா வேண்டாமா, எல்லாத்தையும் இந்த மாசமே ஒரு காலை வேளைல அவர்கிட்டயே உக்காந்து பேசிடுங்க, அண்ணனும் கூட இருக்கட்டும்.