கால்வாயில் என்ன மீன்?

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வகுப்பில் 22 பேர். குழு பிரித்து, மாஜோங் தாள் என்கிற பெரிய வெள்ளைத் தாளும் மார்க்கரும் கொடுத்துக் கலந்துரையாடச் சொன்னால் குழுவுக்கு ஒருவர்தான் பேசுகிறார். மற்றவர்கள் தாளுக்குக் கரை போட்டு வண்ணம் தீட்டுகிறார்கள். எழுப்பிக் கேட்டால் தலைகுனிந்து நிற்கிறார்கள். சென்ற வாரம் 'ஆற்றைக் காப்போம்' என்று தலைப்புக் கொடுத்தேன். ஆண்டு முழுக்க வாய் திறக்காத ஒரு பையன், செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக் கால்வாயில் மீன் பிடித்த கதையை ஆரம்பித்துவிட்டான். தலைப்பை விட்டுப் போனதால் நிறுத்தி உட்காரவைத்தேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே பேச்சு வராது என்கிறார்கள் சக ஆசிரியர்கள். வீட்டில் கைப்பேசியே கதி. நாற்காலிகளை எப்படிப் போடலாம்? வாய்மொழிக்கு அடைவுநிலை எப்படிக் குறிப்பது? பேச்சுப் போட்டிக்கு அனுப்பினால் கூச்சம் போகுமா?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள டீச்சர்,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் அந்த மீன் பிடித்த பையனிடம் வந்து நின்றுவிட்டேன்.

நாற்காலியை எப்படி வேண்டுமானாலும் போடுங்கள். அடைவுநிலை ஒன்றா ஆறா என்பதைப் பதிவேடு நிரப்பும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசி வராத காலத்திலும் நாங்கள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. பேச்சுப் போட்டிக்கு அனுப்புங்கள், தப்பில்லை, ஆனால் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளைக்கு, எதிரே இருப்பவன் "அது எப்படி?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று அங்கே யாரும் கற்றுத்தருவதில்லை.

'இயல்பிலேயே பேச்சு வராது.' இதை உங்கள் ஆசிரியர் அறையில் இனி யார் சொன்னாலும் எழுந்து மறுத்துப் பேசுங்கள். நீங்கள் மறுக்காமல் கேட்டுக்கொண்டு வந்ததே எனக்கு வருத்தம்.

என் அப்பா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவியவர். விடியாத இருட்டில், ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்துக்கு அவர் பின்னால் போயிருக்கிறேன். "நேத்து ஏன் வரல?" "உன் நெரையில பால் ஏன் கொறஞ்சுச்சு?" கேட்கிற கிராணிக்கு, அதாவது தோட்டத்துக் கணக்கருக்கு, விடை முன்னமே தெரியும், செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் எழுதியும் ஆகிவிட்டது. என்ன சொன்னாலும் கூலி போனது போனதுதான். அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உங்கள் பிள்ளைகள் நிற்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதே நிற்புதான்.

அதற்கும் பின்னால் ஒரு கதை உண்டு. 1948 ஜூனில் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற பிறகுதான் ஆங்கில அரசின் அவசரகாலச் சட்டம் வந்தது. பகலில் போலீஸ் வந்து கேட்கும், ராத்திரி காட்டிலிருந்து வருகிற கம்யூனிஸ்டுகள் கேட்பார்கள் என்பார் பாட்டி. இருவருக்கும் அவரிடம் ஒரே பதில்: "தெரியாதுங்க." 1960-இல் அவசரகாலம் முடிந்தது. "யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதைப் பாட்டி சாகும்வரை நிறுத்தவில்லை.

அதே அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் வேறு ஆள். ஒரு வருடம் திருவிழாவுக்கு வசூல் போதவில்லை. மேளத்தை விடுவதா, அன்னதானத்தைச் சுருக்குவதா? எவருக்கும் விடை தெரியாது. அதனாலேயே எல்லோருக்கும் பேச்சு வந்தது. அப்பா எழுந்தார்: "சரிண்ணே, நீங்க சொல்றபடியே வச்சுக்குவோம். அப்ப அரிசிக்கு எங்க போறது?" எதிராளியின் சொல்லைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிற இந்தப் பக்குவத்துக்குத்தானே நீங்கள் மாஜோங் தாளைப் பரப்புகிறீர்கள்? அது உங்கள் பிள்ளைகளின் தாத்தாமார்களிடம் இருந்தது. திக்கித் திக்கிப் பேசுகிற ஒரு கிழவி வாயெடுத்தால், "இருங்கப்பா, அது சொல்லி முடிக்கட்டும்" என்று கூட்டம் காத்திருக்கும்.

எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் "மழையால் என்ன பயன்?" என்று கேட்டார். நான் எழுந்து, "மழை பேஞ்சா மரம் சீவ முடியாது சார், பட்ட நனைஞ்சா பால் வழிஞ்சு போயிரும், அன்னிக்குக் கூலி இல்ல" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்து, "பயிர் செழிக்கும்" என்று கரும்பலகையில் எழுதினார். ஆறாம் வகுப்பு முடியும்வரை நான் கை தூக்கவில்லை.

டீச்சர், 'ஆற்றை எப்படிக் காக்கலாம்?' என்று கேட்டீர்கள். குப்பை போடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை ஒரு நிமிடத்தில் எழுதி முடித்துவிடும். குழுவில் மற்றவர்கள் வண்ணம் தீட்டாமல் என்ன செய்வார்கள்? அது கலந்துரையாடல் இல்லை, பெரட்டு. உங்களுக்கே விடை தெரியாததைக் கேளுங்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்தில் என்ன நடுவது? விளையாட்டுப் போட்டியன்று மழை வந்தால் என்ன செய்வது? அவர்கள் பேசி முடிவெடுத்தால் அதன்படி நடந்தும் காட்டுங்கள். நடக்கவில்லையென்றால் அடுத்த முறை மறுபடியும் பூதான் வரைவார்கள்.

ஒருவரே பேசுவதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டினில், வெள்ளை, கறுப்பு, மெக்சிக்கப் பிள்ளைகளை முதன்முதலாகச் சேர்த்து உட்காரவைத்த வகுப்புகளில் சண்டை ஓயவில்லை. எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். திக்கிப் பேசுகிற பிள்ளையிடம் இருக்கும் துண்டு வேண்டுமென்றால் அது சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுமையாகக் கேட்டே ஆகவேண்டும். எங்கள் கோயில் கூட்டத்துக் கிழவியை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். சராசரியாக ஒரு விநாடி. மூன்று விநாடிக்கு மேல் பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடிதான், டீச்சர். அதற்குள் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிடாதீர்கள். பாதி வாக்கியத்தில் 'பேஞ்சா' என்பதைப் 'பெய்தால்' என்று திருத்தாதீர்கள். எழுதும்போது திருத்துங்கள்.

அந்தப் பையன் தலைப்பை விட்டுப் போகவில்லை. ஆற்றைப் பற்றிப் பேச உட்கார்ந்த 22 பேரில் தண்ணீருக்குள் இறங்கியவன் அவன் ஒருவன்தான். கால்வாய் எங்கே போய்ச் சேருகிறது, உரம் போட்ட வாரம் மீன் என்ன ஆகிறது, போன வருடம் இருந்தது இந்த வருடம் இருக்கிறதா, எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். நாளைக்கு அவனைக் கூப்பிட்டு, நிறுத்தியதற்கு வருத்தம் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: அங்கே கிடைப்பது கெளுத்தியா, ஹருவான் என்கிற விராலா? தூண்டிலில் பிடித்தானா, கையாலா?

எனக்கும் தெரியாது. அவன் சொன்னதை எழுதி அனுப்புங்கள்.