வாடகை பாக்கி வைத்திருப்பவருக்கு ஹவுஸ் ஓனர் முறைப்படி நோட்டீஸ் கொடுப்பது எப்படி?

மூன்று மாத வாடகை வரவில்லை, வாட்ஸ்அப்பில் பலமுறை கேட்டாயிற்று, அதுவே நோட்டீஸ் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் கைக்குப் போக வேண்டிய வழியில் போக வேண்டும்.

நீங்களும் என்னைப் போலக் கீழே குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டவராகத்தான் இருக்க வேண்டும். பத்து வீடு வைத்திருப்பவர்கள் இங்கே வந்து கேட்கமாட்டார்கள், வக்கீலுக்குப் போன் போட்டுவிடுவார்கள். நான் வக்கீல் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது தமிழ்நாட்டு நடைமுறை மட்டும்.

இங்கே இப்போது இருப்பது 2017-இல் போட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம். 1960-ஆம் வருஷத்துப் பழைய சட்டம் போய்விட்டது. புதுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நீங்கள் எழுத்தில் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் அவர் கட்டவில்லை என்றால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திருப்பிக் கேட்கலாம். அந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு உங்களிடமோ நீதிமன்றத்திலோ கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக அவரைக் காலி செய்ய வைக்க முடியாது. ஆனால் ஒருமுறை அப்படித் தப்பித்தவர், பிறகு ஒரு வருஷத்துக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் அந்தச் சலுகை மறுபடி கிடைக்காது. இதை நிறையப் பேர் படிப்பதே இல்லை.

இனி என் வீட்டுக் கதை. மாடியில் இருந்தவர் நல்ல வேலையில் இருந்தவர்தான். மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். முதல் வருஷம் ஐந்தாம் தேதி தாண்டாது. அப்புறம் பாதி வாடகை, “மீதி அடுத்த வாரம் ஆன்ட்டி” என்று ஆரம்பித்தது. தீபாவளிக்குப் பிறகு அந்தப் பாதியும் நின்றுபோனது. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்குவார்.

ஜனவரியில் அவராகவே கதவைத் தட்டினார். பணம் கொண்டு வந்திருக்கிறார் என்று எழுந்து போனேன். கையில் வாடகை ரசீதுக் கட்டு! ஆபீஸில் வீட்டு வாடகைப் படிக்குக் கணக்குக் காட்ட வேண்டுமாம். வருஷம் முழுவதற்கும் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் என் பான் நம்பரும் வேண்டுமாம். வராத வாடகைக்கு நான் வருமானம் காட்ட வேண்டும், அவர் வரி மிச்சம் பிடிக்க வேண்டும். வந்த மாதங்களுக்கு மட்டும்தான் போடுவேன் என்றேன். முகம் சுண்டிப்போய்விட்டது. தயவுசெய்து நீங்களும் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பாக்கியே இல்லை என்பதற்கு அந்த ரசீதே அவர் பக்கத்துச் சாட்சியாகிவிடும்.

அன்று இரவே நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். “வக்கீல் வைத்து நாலு பிரிவைப் போட்டுப் பயமுறுத்துங்க அண்ணி” என்றார் என் கொழுந்தனார். பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது? நாளைக்கு ஒரு நீதிபதி படித்தால் கணக்கு அவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். அவர் பெயர், என் பெயர், வீட்டு விலாசம், அக்ரிமென்ட் தேதி, மாத வாடகை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று பேசியது. அதன் கீழே மாதவாரியாக வந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. அக்ரிமென்ட்டில் வட்டி எழுதியிருந்தால் அதைத் தனி வரியில் போடுங்கள். கிடைத்த ஒரு மாதத்துக்குள் இந்த வங்கிக் கணக்கில் கட்டவும், தவறினால் வாடகை நீதிமன்றத்துக்குப் போவேன் என்று முடித்துத் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரு வரியில்கூடக் கோபம் இல்லை. கோபத்தையெல்லாம் கொழுந்தனாரிடம் தீர்த்துக்கொண்டேன்.

“அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று எப்படியும் சொல்வார்கள். அட்வான்ஸ் காலி செய்யும்போது கணக்குப் பார்த்துத் தரப்படும், வாடகைக்கு ஈடாகாது என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள். அக்ரிமென்ட்டிலும் அப்படி இருந்தால் இன்னும் நல்லது.

எப்படிச் சேர்ப்பது என்பதற்கு 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவைத்தான் புதுச் சட்டமும் கைகாட்டுகிறது. தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அவர் வீட்டில் உள்ளவர் கையிலோ வேலைக்காரர் கையிலோ கொடுக்கலாம். எதற்கும் வழியில்லை என்றால்தான் வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டலாம். மனைவி கையில் கொடுத்திருக்கலாம், எனக்குத்தான் மனசு வரவில்லை. அவள் தினமும் துணி காயப்போடும்போது என்னோடு நின்று பேசுகிறவள். அதனால் ஒப்புகையோடு தபாலில் அனுப்பினேன். (2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ஒப்புகை வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு வாங்குங்கள்.)

ஒரே கேட்டுக்குள் இருக்கிற வீட்டுக்குத் தபாலா என்று எங்கள் தெருவே சிரித்தது. அவர் வாங்க மறுத்து, கவர் எனக்கே திரும்பி வந்தது. திரும்பி வந்த கவரைப் பிரிக்கவே கூடாது, அதன்மேல் தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே வைத்திருங்கள். சரியான விலாசத்துக்குப் போன தபாலை மறுத்தால், நோட்டீஸ் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. நகலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன், கூடுதலாகத்தான். அன்று மாலையே வந்தார். “நாமெல்லாம் ஒரு ஃபேமிலி மாதிரி, இதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி?” என்றார். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் இரண்டு தவணையில் பாக்கி முழுவதும் வந்துவிட்டது. முதல் தவணைக்கு ரசீது கொடுக்கும்போது எந்த மாதக் கணக்கில் வரவு என்பதையும், நோட்டீஸை நான் கைவிடவில்லை என்பதையும் சேர்த்து எழுதினேன்.

பெண்ணின் பரீட்சை முடிந்ததும் அவர்களாகவே காலி செய்தார்கள். அதற்குள் நான் இரக்கமில்லாதவள் என்று தெருவில் பேசி முடித்துவிட்டார்கள். 2022-இல் வீட்டு வரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்களே, அப்போது யாரும் என்னைப் பாவம் என்று சொல்லவில்லை. வாடகை வரவில்லை, வரியை அடுத்த வாரம் கட்டுகிறேன் என்று நான் சொன்னால் விடுவார்களா? அந்த வரியை வாங்கிக்கொண்டு எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டவர்கள் இன்னும் மூடவில்லை. டூவீலரில் வருகிறவர்கள் எல்லாம் என் வாசல் திண்ணையை உரசிக்கொண்டுதான் போகிறார்கள். சரி, அது வேறு கதை.

கரண்டைப் பிடுங்குவது, தண்ணீரை நிறுத்துவது, பூட்டுப் போடுவது என்று யோசனை சொல்ல உங்களுக்கும் ஒரு கொழுந்தனார் இருப்பார். கேட்காதீர்கள். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதை இந்தச் சட்டமே தடுக்கிறது. அவர் புகார் கொடுத்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் எழுத்தில் அக்ரிமென்ட் போடாதவர், போட்டும் அரசின் வாடகைப் போர்ட்டலில் பதியாதவர் என்றால் மட்டும் நோட்டீஸுக்கு முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாததே வீட்டைத் திருப்பிக் கேட்க 21-ஆம் பிரிவில் ஒரு தனிக் காரணம், உங்களுக்கு எந்த வழி வசதி என்று அவர்தான் சொல்ல வேண்டும். போகும்போது பாஸ்புக் பக்கங்கள், நோட்டீஸ் நகல், தபால் ரசீது, ஒப்புகை அல்லது பிரிக்காத கவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.