புது நிரல்மொழிக்கு எத்தனை பேர்? – கேள்வி பதில்

தனி ஆளாக ஒரு நிரல்மொழியை உருவாக்க முடியுமா?

தாராளமாக. பைத்தானை கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் தனியாகத்தான் எழுத ஆரம்பித்தார். 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் 10 நாளில் முடித்தார். அந்த அவசரத்தின் தழும்பு இன்னும் ஆறவில்லை: ‘நல்’ (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் சொல்) என்ன வகை என்று கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ (பல தகவல்களின் தொகுப்பு) என்கிறது. அன்று ஆப்ஜெக்டுக்கான வகைக்குறி 0. நல் என்பதும் முழுக்க 0. அதனால் அதையும் ஆப்ஜெக்ட் என்றே எடுத்துக்கொண்டது. இப்போது திருத்தப் போனால் பழைய இணையதளங்கள் உடையும்.

பைத்தானில் ஒரு குட்டி மொழி எழுதுகிறேன். 8 - 3 - 2 போட்டால் 7 வருகிறதே?

உங்கள் பார்ஸர் (நிரலின் அமைப்பைப் பிரித்துப் படிக்கும் பகுதி) அதை 8 - (3 - 2) என்று படிக்கிறது. கழித்தலுக்கான ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), குறிக்கு வலப்பக்கம் இருப்பதைப் படிக்கத் தன்னையே மறுபடி கூப்பிடுகிறது, கோளாறு அங்கேதான். அதை லூப்பாக (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியாக) மாற்றுங்கள். முதல் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, கழித்தல் குறி வரும்போதெல்லாம் அடுத்த எண்ணை மட்டும் படித்து, கையில் உள்ளதிலிருந்து கழித்துக்கொண்டே போனால் 3 வரும். கூட்டலை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. வகுத்தலையும் இதேபோல் சோதியுங்கள்.

‘விலை’ என்று மாறிக்கு (மதிப்பைச் சேமிக்கும் இடத்துக்கு) பெயர் வைத்தால் லெக்ஸர் (நிரலைச் சொற்களாக வெட்டும் பகுதி) ‘வ’வோடு நின்றுவிடுகிறது.

எழுத்தா என்று பார்க்கப் பைத்தானின் ‘இஸ்ஆல்ஃபா’வைப் பயன்படுத்தியிருப்பீர்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ‘வ’ எழுத்து. அதன்மேல் ஏறும் கொம்பும் சுழியும் புள்ளியும் எழுத்தல்ல, குறிகள். எனவே இஸ்ஆல்ஃபா ‘இல்லை’ என்கிறது. இதுவரை சேர்ந்த பெயரோடு அடுத்த குறியையும் ஒட்டி, முழுவதையும், பெயராகச் செல்லுமா என்று பார்க்கும் ‘இஸ்ஐடென்டிஃபையர்’ கொண்டு சோதியுங்கள். இன்னொரு கண்ணி: ‘கோ’வை க + ோ என்றும் க + ே + ா என்றும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு மாறிகள். மூல நிரலைப் படித்தவுடனே என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி இரு விதமாகச் சேமித்ததை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

குழு பெரிதாக இருந்தால் மொழி நன்றாக வருமா?

வடிவமைப்பில் ஆள் கூடக்கூடச் சமரசம்தான் கூடும் என்பது எங்கள் கணிப்பு. பிரேசிலில் 1993இல் பிறந்த லுவா மொழிக்கு மூன்றே பேர். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் புது வசதி உள்ளே வரும். இன்றும் அது சிறிய மொழியாகவே இருப்பதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். கூகுளின் கோ மொழியையும் 2007 செப்டம்பரில் மூவர்தான் வரையத் தொடங்கினார்கள். அல்கால் 60 என்ற மொழிக்காக 1960 ஜனவரியில் பாரிஸில் 13 பேர் கூடினார்கள். இலக்கணம் அழகாக வந்தது. ஆனால் உள்ளீடு, வெளியீட்டுக்கு அறிக்கையில் விதியே இல்லை! ஒவ்வொரு கணினிக்காரரும் தம் இஷ்டத்துக்குச் செய்துகொண்டார்கள்.

மெஷின் கோடு (கணினி நேரடியாக இயக்கும் கட்டளைகள்) வரைக்கும் போக வேண்டுமென்றால்?

அந்த வேலையைச் செய்துதரும் எல்எல்விஎம் என்ற ஆயத்தக் கருவித்தொகுப்பு இருக்கிறது. ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா மொழிகள் எல்லாம் அதன்மேல்தான் ஓடுகின்றன. அது இல்லாத காலத்தில், ஐபிஎம் 704 கணினிக்கான ஃபோர்ட்ரான் மொழியில் ஜான் பேக்கஸின் குழு எல்லாவற்றையும் தானே எழுதியது. 1954இல் தொடங்கிய வேலை 1957இல்தான் கைக்கு வந்தது.

பெயர் வைப்பதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

தேடினால் சிக்குகிற பெயராக வையுங்கள். ‘கோ’ என்று தேடிப் பலனில்லாமல்தான் பலர் ‘கோலாங்’ என்று தட்டுகிறார்கள். தவிர, ‘கோ!’ என்று ஆச்சரியக்குறியோடு ஒரு மொழி முன்பே இருந்தது. 2009இல் கூகுள் தன் கோவை அறிவித்ததும் அந்தப் பழைய மொழியை உருவாக்கியவர் ஆட்சேபித்தார். கூகுள் மொழியின் பெயர் மாறவில்லை.