கறுப்பை விட்டுவைத்தவர்

அன்புள்ள அண்ணா,

ஜோர்ஜிய ஓவியர் பிரோஸ்மானியைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த நாளில் இருந்து பெரியப்பாவின் நினைவாகவே இருக்கிறது. அவர் நாற்பது வருடம் யாழ்ப்பாணத்தில் கடைகளுக்குப் போர்ட் எழுதினவர். டிஜிற்றல் பனர் வந்த பிறகு வேலை நின்றுவிட்டது. இப்போது 68 வயது. இரவில் விறாந்தையில் இருந்துகொண்டு, கழற்றி எறிந்த பழைய பனர்களின் பின்பக்கத்தில் இனாமல் பெயின்ற்றால் படம் கீறுகிறார். மாடு, பனங்கூடல், காலமான பெரியம்மா, பிறகு திரும்பவும் மாடு. ஐம்பது படத்துக்கு மேலே இருக்கும். மகன் வெளிநாட்டில் இருந்து அனுப்பும் காசில் பெயின்ற் வாங்குகிறார் என்று வீட்டில் ஒவ்வொரு மாதமும் சண்டை.

போன வருடம் நான்கு படங்களை ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். பொறுப்பாக இருந்தவர் பார்த்துவிட்டு, "கை இருக்கு. ஆனால் முறையாகப் படிக்கவில்லை. மாட்டின் கால் எல்லாம் பிழை" என்று பெரியப்பாவின் முன்னாலேயே சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் பிறஷைத் தொடவில்லை.

என் கேள்வி இதுதான். அவர் ஓவியரா? இந்தப் படங்களை நாலு பேர் பார்க்கச் செய்ய நான் ஓடித்திரிய வேண்டுமா, இல்லை அவரை அவர் பாட்டில் விட்டுவிட வேண்டுமா? மூன்று படங்களின் புகைப்படம் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி, கோண்டாவில்

*

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று புகைப்படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவதை விட்டு நகர முடியவில்லை. இரவு, ஒரு மாடு படுத்திருக்கிறது, பக்கத்தில் ஒரு வாளி. மேல் மூலையில் பனர் கட்டும் வளையம் அப்படியே இருக்கிறது. அந்த வளையத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் பூசி அதையே நிலவாக்கியிருக்கிறார். கயிறு போட வந்த ஓட்டை நிலவாகும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. உங்களுக்கும் தோன்றியிருக்காது.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், அவர் ஓவியர். இந்த ஒரு மாட்டை வைத்தே சொல்லலாம். ஆனால் இதை என் வாயால் கேட்டால்தான் உங்களுக்குத் தெம்பு வரும் என்றால், நாளைக்கு இன்னொருவர் இல்லை என்று சொன்னால் அந்தத் தெம்பு போய்விடும். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பிரோஸ்மானி 1862இல் மிர்சானி என்ற கிராமத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, திபிலீசி நகரத்தில் இன்னொரு குடும்பத்தோடு வளர்ந்தார். ரயில்வேயில் பிரேக் பிடிக்கும் வேலை பார்த்தார். அப்புறம் ஒரு பால்கடை வைத்தார். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் சாராயக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பெயர்ப்பலகை எழுதி, சுவரில் மாட்டப் படம் கீறிக் கொடுத்தார். கூலி பல நேரம் ஒரு வேளைச் சாப்பாடும், குடிக்க ஏதாவதும், இரவு படுக்க ஒரு மூலையும்தான். ஒரு நடிகைக்காகச் சொத்தையெல்லாம் விற்று நகரத்துப் பூக்களை அள்ளி வாங்கினார் என்ற கதையை வாசகர்கள் பலர் எனக்கு எழுதிக் கேட்டார்கள். அது கதை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதால் படங்களை மறைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதில் ஆர்வமில்லை.

எனக்கு ஆர்வம் அவர் கீறிய சீலையில். அவர் பெரும்பாலும் கறுப்பு மெழுகுசீலையில்தான் கீறினார். சில வேளை தகரத்திலும் மட்டையிலும். மெழுகுசீலை மலிவு, பழுதாகாது, ஈரம் பிடிக்காது. அவர் அந்தக் கறுப்பை முழுக்க மூடவில்லை. தலைமயிர், சட்டை, இரவு வானம், மிருகத்தின் கண் என்று கறுப்பு வேண்டிய இடத்தில் பெயின்ற்றே வைக்காமல் சீலையை அப்படியே விட்டார். மற்ற ஓவியர்கள் பலர் வெள்ளையில் தொடங்கி இருட்டை மேலே ஏற்றிக்கொண்டு போக, இவர் இருட்டில் தொடங்கி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய நிலவு இரவுக் கரடியைப் பார்த்தால் விளங்கும். வெளிச்சம் அந்தக் கரடியின் மேல் விழவில்லை, கரடிக்குள்ளே இருந்து வருகிறது.

சரி, இதை அவர் எங்கே படித்தார்? போர்ட் எழுதும் தொழிலில் என்றுதான் நான் நினைக்கிறேன். பெரியப்பாவைக் கேளுங்கள், சொல்வார். கறுப்புப் பலகையில் கறுப்பு எழுத்து வர வேண்டும் என்றால் எழுத்தை யாரும் எழுத மாட்டார்கள். எழுத்தைச் சுற்றி மற்ற நிறத்தைப் பூசுவார்கள். எழுத்து தானே மிஞ்சும். பூசாமல் விடுவது எங்கே என்று தெரிந்த கைதான் நல்ல கை.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை வாசலில் போர்ட் எழுதுகிறவரைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மூன்று நாள் நின்றிருக்கிறேன். முதல் நாள் நூலில் சோக்குத்தூள் தேய்த்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் ஒரு சுண்டு. பலகையில் மயிர்க்கோடு விழும். இரண்டாம் நாள் எழுத்து. இடது கையில் ஒரு தடியைப் பலகையோடு சாய்த்துப் பிடித்து, வலது மணிக்கட்டை அதன் மேல் வைத்துக்கொண்டு எழுதினார். பிறஷை ரின்னின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துத் தட்டையாக்குவார். ழகரம் வந்தபோது கீழே போகும் சுழியை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவையில் அதைப் போட்டார். மண்ணெண்ணெய் மணமும் பெயின்ற் மணமும் கலந்த அந்த வாசலை இன்றைக்கும் மறக்கவில்லை. மூன்றாம் நாள் எழுத்துக்கு நிழல் கொடுத்தார். தட்டையாகக் கிடந்த பெயர் எழும்பி வெளியே வந்து நின்றது.

உங்கள் பெரியப்பா இதை நாற்பது வருடம் செய்திருக்கிறார். அவரைப் பார்த்துப் படிக்காதவர் என்று சொல்ல எனக்கு நா வராது.

"வெளியாள் ஓவியர்" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கலைக்கல்லூரிக்கும் கண்காட்சி மண்டபத்துக்கும் வெளியே நின்று கீறுகிறவர் என்று பொருள். நானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அது எனக்கு உறுத்துகிறது. பிரோஸ்மானியின் படங்கள் திபிலீசியில் ஆட்கள் கூடிச் சாப்பிட்டுக் குடித்துச் சண்டை பிடித்த அறைகளில் தொங்கின. ஒவ்வொரு நாளும் அந்த ஊர் அவற்றின் கீழே இருந்து பாண் பிய்த்துத் தின்றது. அவர் எதற்கு வெளியே இருந்தார்? உங்கள் பெரியப்பாவும் அப்படித்தான். மருந்துக்கடை எது, தையல்கடை எது என்று தேடி வந்த சனம் நாற்பது வருடமாக அவருடைய கையெழுத்தை வாசித்துத்தான் படி ஏறியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அவருடைய எழுத்துப் படாத கண் இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த மாட்டுக் கால் விஷயம். பிரோஸ்மானி ஒரு ஒட்டகச்சிவிங்கி கீறியிருக்கிறார். நேரில் கண்டிருக்க மாட்டார். உடம்பின் அளவு பிழை, புள்ளிகள் பிழை, கால்கள் மரம் மாதிரி. ஆனால் அது திரும்பி உங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். கால் சரியாக வந்திருந்தால் அந்தப் பார்வை இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். காலைப் பற்றிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, கால் பிழைதான். அவர் காலோடு நின்றுவிட்டார், அவ்வளவுதான். அதைவிட, அந்த மனிதனின் முன்னால் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் பிரோஸ்மானிக்கும் இதே நடந்தது. 1912இல் இலியா, கிரில் ஸ்தனேவிச் என்ற சகோதரர்களும் அவர்களுடைய நண்பரான ஓவியர் லெ தந்துவும் ஒரு சாராயக் கடையில் அவருடைய படங்களைக் கண்டார்கள். கண்டதும் பைத்தியம் பிடித்த மாதிரித் தேடித் தேடிச் சேர்த்தார்கள். 1913இல் மொஸ்கோவில் நடந்த ஒரு கண்காட்சியில் அந்தக் காலத்துப் புதிய ஓவியர்களோடு அவருடைய படங்களும் தொங்கின. 1916இல் ஜோர்ஜிய ஓவியர்களின் சங்கம் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டது. ஊர் நடுவில் பெரிய மரவீடு ஒன்று கட்ட வேண்டும், பெரிய மேசை போட்டு எல்லோரும் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஓவியத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று அங்கே சொன்னாராம். அந்த ஆசையைப் பாருங்கள். காசு கேட்கவில்லை, கதைக்க ஆள் கேட்டிருக்கிறார். கொஞ்ச நாளில் ஒரு பத்திரிகை அவரைக் கேலிச்சித்திரமாகப் போட்டது. படி, இன்னும் பல வருடம் போனால் நல்ல ஓவியராகலாம் என்று அவருக்குப் புத்தி சொல்வதுபோலப் படம். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மனம் உடைந்து ஆட்களிடம் இருந்து விலகிப் போனார். 1918இல் பட்டினியிலும் நோயிலும் கிடந்து செத்தார். புதைத்த இடம்கூடச் சரியாகத் தெரியாது. பிறகு 1969இல் பாரிஸில் லூவர் மாளிகையில் அவருக்குக் கண்காட்சி. அவருடைய நாட்டுப் பணநோட்டில் அவருடைய முகம்.

உங்கள் பெரியப்பா ஒரு மாதத்துக்குப் பிறகு திரும்பவும் பிறஷைத் தொட்டார் என்று உங்கள் கடிதத்தில் இருந்து விளங்குகிறது. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நாலு பேர் பார்க்கச் செய்வதா என்பது. பிரான்சில் செரஃபின் லூயி என்று ஒரு பெண் இருந்தார். வீடு வீடாகத் துப்புரவு வேலை செய்து, இரவில் பூவும் இலையும் பழமுமாகக் கீறித் தள்ளியவர். 1912இல் வில்ஹெல்ம் ஊடே என்ற, ஓவியங்கள் சேர்க்கும் ஜெர்மானியர் ஒரு வீட்டில் அப்பிள் பழங்களின் படம் ஒன்றைக் கண்டு வியந்து, கீறியது யார் என்று விசாரித்தால், தன் வீட்டைக் கூட்டித் துடைக்கிற அதே பெண். 1914இல் போர் வர ஊடே பிரான்சை விட்டுப் போனார். 1927இல் திரும்பக் கண்டுபிடித்து, பெரிய சீலையும் பெயின்ற்றும் வாங்கிக் கொடுத்தார், படங்களை வாங்கினார். 1930இல் உலகம் முழுக்கப் பொருளாதாரம் விழ, வாங்குவதை நிறுத்தினார். 1932இல் செரஃபின் மனநோய் விடுதிக்குப் போனார். 1942இல் அங்கேயே இறந்தார். ஊடே கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு வாசலைத் திறந்து காட்டிவிட்டு மூடினால், திறக்காமல் இருந்ததைவிட அது கொடுமை.

அதனால் பெரியப்பாவுக்குக் கண்காட்சி, வெளிநாடு, விலை என்று எந்த ஆசையும் காட்ட வேண்டாம். இப்போதைக்குப் படங்களைக் காப்பாற்றுங்கள். இனாமல் பெயின்ற் பனரில் முழுசாகக் காயாது, வருடக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மடிக்கவே கூடாது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொண்டு இரண்டும் போய்விடும். படத்தின் மேல் ஒட்டாத தாள் ஒன்றை வைத்து, படம் வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி, அகலமான குழாய் ஒன்றில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம், அந்தச் சூட்டில் இளகிவிடும். ஒவ்வொன்றையும் நல்ல பகல் வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள். பின்னால் திருப்பி அந்தப் பனர் யாருடையது, என்ன நிகழ்வுக்கு அடித்தது என்பதையும் எடுங்கள். எந்த மாதம் கீறியது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். 1995இல் போர் நெருங்கி வர, ஒரே இரவில் ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எத்தனை வீட்டில் எத்தனை படங்களையும் ஏடுகளையும் விட்டுவிட்டுப் போனோம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். நானும் ஒரு பெட்டியை விட்டுவிட்டுத்தான் நடந்தேன்.

பெயின்ற் காசைப் பற்றிய சண்டைக்கு என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை. மகன் அனுப்பும் காசு வீட்டுக்கும் வேண்டும்தான். நீங்கள் உழைக்கிறவர் என்றால் மாதம் வெள்ளை ஒரு சின்ன ரின், மஞ்சள் ஒரு சின்ன ரின் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கறுப்பு அவருக்குப் பெரிதாகத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். சில பனர்களுக்கு வெளிச்சம் ஊடுருவாமல் இருக்கப் பின்பக்கம் கறுப்பாகவே வரும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம் அப்படியான ஒன்றில்தான் கீறப்பட்டிருக்கிறது.

அதில் ஒன்று எனக்குப் புகைப்படத்தில் பிடிபடவில்லை. படுத்திருக்கிற மாட்டின் கண். அதற்குள் அவர் கறுப்புப் பெயின்ற் வைத்திருக்கிறாரா, இல்லை பனரின் கறுப்பை அப்படியே விட்டிருக்கிறாரா? விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், பெயின்ற் என்றால் கொஞ்சம் மேடு தட்டும். அல்லது தேத்தண்ணி கொடுக்கும்போது அவரையே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா